கழிவுநீர் நிலையத்தில் கரண்டையும் கார்பனையும் குறைக்க: குமரி மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜிலோ, மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையிலோ பராமரிப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் கட்டடத்தின் பின்பக்கம் இரைந்துகொண்டிருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இனி உங்கள் பொறுப்பு. அதன் கரண்ட் செலவைக் குறைத்து, மிச்சத்தைச் சூரிய ஒளிக்கும் எரிவாயுவுக்கும் மாற்றுவது எப்படி என்று இதில் சொல்கிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

பலரும் நேராக சோலார் கம்பெனிக்குப் போன் போடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் கழிவுநீர்த் தொட்டிக்குள் செலுத்தும் காற்றைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம் வேலைகளைப் பகலுக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் பேனல். வீணாகும் கரண்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்கினால் பணமும் இடமும் வீண்.

கார்பன் எங்கிருந்து வருகிறது

மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, நிலையம் இழுக்கும் கரண்ட். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இரண்டாவது, காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து வரும் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. மூன்றாவது நைட்ரஸ் ஆக்சைடு. கழிவுநீரின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றும்போது, காற்று அரைகுறையாக இருந்தால் இது கூடுதலாக வரும். அளவு சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு கிலோவும் கார்பன் டை ஆக்சைடைப் போல் 270 மடங்குக்கு மேல் வேலை செய்யும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50 கிலோலிட்டர், அதாவது 50,000 லிட்டர் கழிவுநீர் வரும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். சிறிய நிலையங்களில் ஒரு கிலோலிட்டருக்கு ஒரு யூனிட் செலவாவது சாதாரணம். 50 யூனிட், 35 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சரி, அதே நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நீரிலுள்ள கழிவை, அதைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கில் சொல்லும் அளவுக்கு சி.ஓ.டி. என்று பெயர். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் சி.ஓ.டி. இருந்தால் நாளுக்கு 25 கிலோ. அது முழுக்கக் காற்றில்லாமல் அழுகினால் 6 கிலோவுக்கு மேல் மீத்தேன் வரக்கூடும். செப்டிக் டேங்கில் பாதிதான் அப்படி ஆகிறது என்று வைத்தாலும் 3 கிலோ மீத்தேன், 84 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து பிளான்டை நிறுத்தி வைப்பது கார்பனைக் குறைக்காது, இரண்டு மடங்குக்கு மேல் கூட்டும். அதோடு நம் நீரும் கெடும். சுருளோடு பக்கத்திலிருந்து வரும் பழையாறு நாகர்கோவிலை ஒட்டி ஓடி மணக்குடியில் கடலில் சேர்கிறது. அதே வயல்வெளிப் பகுதியில் இருக்கும் சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சர் ஈரநிலங்கள். கரண்டைக் குறைக்கிறேன் என்று கலங்கிய நீரை வெளியே விடுவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் எல்லைக்கோடு.

‘நம்ம கரண்ட் முப்பந்தல் காற்றாலையிலிருந்துதானே வருகிறது, அது சுத்தமான கரண்ட்தானே’ என்று இங்கே அடிக்கடி கேட்கலாம். மின்கட்டமைப்பு நாடு முழுவதும் ஒன்றாக இணைந்தது. நீங்கள் இங்கே ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால், அந்தக் காற்றாலை யூனிட் வேறொருவருக்குப் போகும், எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி அந்த அளவுக்குக் குறையும்.

ஒரு மீட்டர், ஒரு நோட்டு

நிலையத்துக்கென்று தனி சப்-மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேனல் போர்டில் ஒன்று போடச் சொல்லுங்கள். வெளியேறும் நீரின் குழாயில் ஃப்ளோ மீட்டரும் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யூனிட்டைக் கிலோலிட்டரால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய எண். ஒரு மாதம் எழுதினாலே நிலையத்தின் குணம் தெரிந்துவிடும். அறைகள் நிரம்பிய நாளிலும் காலியாகக் கிடந்த நாளிலும் யூனிட் ஒரே அளவாக இருந்தால், நீர் வருகிறதோ இல்லையோ மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். குமரி முனை லாட்ஜ்களில் இது மிகவும் முக்கியம். சபரிமலை சீசனிலும் மே மாத விடுமுறையிலும் வரும் கழிவுநீருக்கும், ஜூலையில் வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

காற்றைச் சரிசெய்தல்

நிலையத்தின் கரண்டில் பாதிக்கு மேல் பெரும்பாலும் புளோயருக்குப் போகிறது. தொட்டியின் அடியில் காற்றைத் தள்ளி, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரம் அது. அதனால் இந்தப் படிக்கு அவசரமில்லாமல் நேரம் கொடுங்கள்.

முதலில் புளோயரின் மேலிருக்கும் அழுத்தமானியைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீருக்குச் சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ அழுத்தம். தொட்டியில் நீர் 3 மீட்டர் ஆழம் என்றால் 0.3, குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து 0.35 வரை இருக்கலாம். முள் 0.45-இல் நின்றால், தொட்டியின் அடியில் காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் டிஃப்யூசர்கள் அடைத்திருக்கின்றன. அடைத்த துளை வழியே காற்றைத் தள்ளத்தான் அந்தக் கூடுதல் கரண்ட் போகிறது. முள் குறைவாகக் காட்டினால் எங்கோ கசிவு. குழாய் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், குமிழி எழும் இடத்தில் காற்று போகிறது. தொட்டியின் மேற்பரப்பையும் பாருங்கள். எங்கும் சிறு குமிழிகள் சீராக வந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் நீர் கொதிப்பதுபோல் பொங்கினால் அங்கே டிஃப்யூசர் ரப்பர் கிழிந்திருக்கிறது. புளோயரின் காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்வது, தளர்ந்த பெல்ட்டை இறுக்குவது எல்லாம் செலவில்லாத வேலைகள். ஒன்று ஓட, இன்னொன்று மாற்றாக நிற்க என்று இரண்டு புளோயர் வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஓடுகின்றனவா என்றும் கேளுங்கள்.

அடுத்தது காற்றின் அளவு. தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் பொதுவாகப் போதும். கையடக்க ஆக்சிஜன் மீட்டரை வாடகைக்கு எடுத்தோ, பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கொண்டுவரச் சொல்லியோ காலை, மதியம், நள்ளிரவு என்று அளந்து பாருங்கள். இரவில் 5, 6 என்று காட்டினால் நீங்கள் காற்றை வீணடிக்கிறீர்கள்.

அப்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி உதவும். விற்க வருபவர்கள் ‘வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் பாதியாகும்’ என்பார்கள். மையவிலக்கு வகை விசிறிக்கும் பம்புக்கும் கிட்டத்தட்ட அது பொருந்தும். ஆனால் சிறிய நிலையங்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டு சுழலிகள் காற்றை அள்ளித் தள்ளும் ட்வின் லோப் புளோயர். நீரின் ஆழம் மாறாதபோது அதில் வேகம் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் கரண்டும் குறையும். 20 சதவீத வேகத்துக்கு 20 சதவீத மிச்சம். அதுவே நல்ல மிச்சம்தான், பாதியாகும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறக்கினால் புளோயர் சூடாகிப் பழுதாகும். காற்று மிகவும் குறைந்தால் நுண்ணுயிர்கள் அடங்கிய சேறான கசடு அடியில் தங்கிவிடும், நுண்ணுயிர்கள் ஒட்டி வளரப் பிளாஸ்டிக் துண்டுகள் போட்ட எம்.பி.பி.ஆர். வகைத் தொட்டியில் அந்தத் துண்டுகள் சுழலாமல் நின்றுவிடும், நைட்ரஸ் ஆக்சைடும் கூடும்.

வேகத்தை ஒரேயடியாகக் குறைக்காமல், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்து ஒரு வாரம் கவனியுங்கள். கவனிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டரில் காற்றுத் தொட்டியின் நீரை மொண்டு, வெயில் படாத இடத்தில் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். நல்ல கசடு சாக்லேட் நிறத்தில், பஞ்சுப் பொதிபோல் ஒன்றுசேர்ந்து மெல்ல இறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். முகர்ந்தால் மண் வாசனை வரும். நிறம் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, உடனே வேகத்தைப் பழைய நிலைக்குக் கூட்டுங்கள். கசடு இறங்கவே இல்லையென்றால் ஒப்பந்தக்காரரை அழைத்துக் காரணம் தேடுங்கள். ஆபரேட்டருக்கு இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்து, தினமும் அதே நோட்டில் எழுத வையுங்கள். அந்த வேலைக்கு வருபவர்களை வெறும் சுவிட்ச் போடுபவராக நடத்துகிறோம். இந்த அளவீட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், நிலையத்தின் நோயை முதலில் சொல்பவர் அவராகத்தான் இருப்பார்.

வேலையைப் பகலுக்கு மாற்றுங்கள்

காற்று இரவிலும் வேண்டும், அதை நிறுத்த முடியாது. சோலார் கரண்ட் கிடைப்பது பகலில்தான் என்பதால், மற்றவற்றில் பலவற்றைப் பகலுக்கு மாற்றலாம். கசடு பிழியும் ஃபில்டர் பிரஸ், மணல், கார்பன் வடிகட்டிகளுக்கு நீர் ஏற்றும் பம்பு, சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் ஏற்றும் மோட்டார் ஆகியவற்றை 10 மணி முதல் 3 மணிக்குள் ஓட்டலாம். கழிவுநீர் சேரும் ஈக்வலைசேஷன் தொட்டியில் இடமிருந்தால், காலைக் குளியல் நேரத்து நீரைத் தேக்கி வைத்து, பகலில் கொஞ்சம் கூடுதலாக உள்ளே அனுப்பலாம். அந்தத் தொட்டியிலும் லேசாகக் காற்று ஓட வேண்டும். இல்லையென்றால் நாற்றத்தோடு மீத்தேனும் கிளம்பும். உயரழுத்த இணைப்பு உள்ள பெரிய ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் காலையிலும் மாலையிலும் உச்ச நேரக் கூடுதல் கட்டணம் உண்டு. அவர்களுக்கு இந்த மாற்றம் சோலார் போடும் முன்பே பில்லில் தெரியும்.

இப்போது சோலார்

மேலே சொன்னவற்றைச் செய்த பிறகு நம் 50 யூனிட் 40 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் வரை தரும். அந்தக் கணக்கில் 10 கிலோவாட் போதும், நிழலில்லாத ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி இடம் வேண்டும். ஆண்டுக்கு 14,600 யூனிட், ஏறத்தாழ 10 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் உற்பத்தி இறங்கும். மாதக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்.

இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை நம் ஊருக்கே உரியவை. முதலாவது தென்னை. ஒரு தென்னையோலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றப் பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். இதை ஒரே மாதத்தில் பார்த்து முடித்துவிடாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குப் பக்க மரமும் தண்ணீர்த் தொட்டியும் அப்போது நிழல் தரும். சாய்வு 10 டிகிரி, தெற்கு நோக்கி வைத்தால் போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைநீர் வடியாமல் அழுக்கு தங்கும்.

இரண்டாவது உப்புக்காற்று. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரமே துருப்பிடிக்கும். நன்றாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புச் சட்டமோ அலுமினியமோ, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோ வேண்டும் என்று விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள். காற்றுத் தொட்டிக்கு நேர் மேலே பேனல் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அங்கே எழும் ஈரமும் ஹைட்ரஜன் சல்பைடும் இணைப்புகளை அரிக்கும், டிஃப்யூசரைத் தூக்க மேலே இடமும் இருக்காது. சிறிய நிலையத்தில் அது வேண்டாம்.

மூன்றாவது புயல். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி வந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்ததையும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் முறைக்கும் தாங்கும் காற்று வேகத்துக்கும் எழுத்தில் உறுதி கேளுங்கள். இன்னொன்றும் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. சாதாரண சோலார் அமைப்பு, வெளியே கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் போன நேரத்திலும் புளோயர் ஓட வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரோ, ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ தேவை.

பணவிஷயம். அடுக்குமாடிச் சங்கங்களுக்கு 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பேனலுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்டும் பொதுப் பயன்பாடுதான், விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள். லாட்ஜ், ஓட்டல்களுக்கு இந்த மானியம் கிடையாது. வருமான வரியில் தேய்மானத்துக்குக் கிடைக்கும் சலுகை பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். வணிக இணைப்பில் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவு. அதனால் பகலில் கட்டடமே பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பேனல் போடுவதுதான் லாபம். ஒப்பந்தம் போடுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அன்றைய விதியை நேரில் கேட்டுவிடுங்கள்.

பேனலைக் கழுவ சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள உப்பு வெள்ளைப் படலமாகப் படியும். மழைநீர் அல்லது மென்னீர் கொண்டு, வெயில் ஏறுமுன் கழுவுங்கள்.

எரிவாயு

பெரிய நகரங்களில் கசடைக் காற்றுப்புகாத தொட்டியில் செரிக்கவைத்து வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டுகிறார்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் பல ஆண்டுகளாக இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் தனக்குத் தேவையான மின்சாரம் முழுவதையும் 2005-இலேயே தானே தயாரிக்கத் தொடங்கிவிட்டது. 50 கிலோலிட்டர் நிலையத்துக் கசடை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது, வாயு போதாது. உங்களுக்குக் கைகொடுப்பது சமையலறைக் கழிவுதான்.

நாளுக்கு 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். நாளுக்கு 4 கிலோ என்றால், மாதம் ஆறு வணிகச் சிலிண்டர். இதைக் கரண்டாக்காதீர்கள், நேராக அடுப்பில் எரியுங்கள். சிறிய எஞ்சினில் பெரும்பகுதி சூடாக வீணாகிவிடும். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வளத் திட்டத்தார் ‘சக்தி சுரபி’ என்ற பெயரில் சமையலறைக் கழிவுக்கான கலனை வடிவமைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே போய் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். தொடங்கும்போது சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். எலும்பு, முட்டையோடு, எலுமிச்சைத் தோல், அதிகமான எண்ணெய் வேண்டாம். வெளிவரும் கரைசலைத் தென்னைக்கும் வாழைக்கும் கொடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஊற்றினால் அம்மோனியா ஏறி, மிச்சம் பிடித்த காற்றையெல்லாம் அது தின்றுவிடும். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஷீட் அடிக்கும்போது வடியும் நீரிலிருந்தும் இதேபோல் வாயு எடுக்கலாம்.

கசடைத் தொட்டியில் நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். பிழிந்து உலர்த்தாமல் கிடக்கும் கசடு மீத்தேனைச் சும்மா காற்றில் விட்டுக்கொண்டிருக்கும்.

காற்றாலையைப் பற்றிச் சுருக்கமாக. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று உங்கள் மொட்டைமாடியில் வீசாது. கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று சிதறுவதால் சிறு காற்றாலைக்குப் பணம் போட வேண்டாம். மாநகராட்சி, பெரிய ஆலை போன்றவர்கள் பலர் சேர்ந்து தங்கள் தேவைக்கே மின்சாரம் தயாரிக்கும் கூட்டுச் சொந்த உற்பத்தி முறையில் காற்றாலையில் பங்கு வாங்கலாம். பயன்படுத்துவோர் 26 சதவீத உரிமையும், உற்பத்தியில் 51 சதவீதப் பயன்பாடும் காட்ட வேண்டும் என்பது விதி.

யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது

டிஃப்யூசர் மாற்றவோ கசடு எடுக்கவோ ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் அதோடு போய்விடுகிறார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மேலிருந்தே தூக்கியெடுக்கும் வகை டிஃப்யூசரைக் கேட்டு வாங்குங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கும். வாயுக் கலன் பக்கத்தில் புகைபிடிப்பதும் வெல்டிங் செய்வதும் கூடாது.

ஆறு மாதம் ஆன பிறகு நோட்டையும், பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த நீர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலோலிட்டருக்கான யூனிட் இறங்கி, நீரில் மீந்திருக்கும் கழிவைக் காட்டும் பி.ஓ.டி. அளவு மாறாமலிருந்தால் புளோயர் வேகத்தை அப்படியே விட்டுவிடலாம். பி.ஓ.டி. ஏறியிருந்தால் வேகத்தைக் கூட்டி, அடுத்த மாத அறிக்கை வரும்வரை அந்த நிலையிலேயே ஓட்டுங்கள்.